கட்டிங் கூட்டாளி

அன்று பாரில் அந்த மேஜையில் இருந்தவர்கள் நானும் என் நைனாவும். அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். இல்லாதவர் நைனாவின் கட்டிங் கூட்டாளி. அவர் வராமல் அது ஒன்பதாவது நாள்.

ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பாதிப் பாதிக் காசு போட்டு வாங்கிப் பகிர்ந்து குடிப்பதுதான் கட்டிங். முழுசாக வாங்கக் கட்டுப்படியாகாதவர்களும், முழுசாகக் குடித்தால் மறுநாள் வேலைக்கு எழ முடியாதவர்களும் கடை ஓரமாக நின்று, முன்பின் தெரியாத ஆளிடம் "கட்டிங் கீதா?" என்று கேட்பார்கள். குடித்ததும் அவரவர் வழியில் போய்விடுவார்கள். நைனாவும் அவரும் அப்படித்தான் சேர்ந்தார்கள். ஆனால் மறுநாளும் சேர்ந்தார்கள். அப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

திருவொற்றியூரில், நைனா லோடு வேலை பார்த்த கன்டெய்னர் யார்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்தது அந்த பார். இன்றைக்கு அந்த இடத்தில் லாரி டயர் கடை இருக்கிறது. தகரக் கூரை, கால் ஆடும் பிளாஸ்டிக் மேஜைகள், நாற்காலிக்கு அடியில் வரிசையாக வைத்த ஹெல்மெட்கள். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனாலும் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்றை எங்கே பார்த்தாலும் அந்தக் கொட்டகையின் ஈரத் தரையும், தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கும் சத்தமும் வந்துவிடுகின்றன. யாராவது ஒருவர் எப்போதும் பாடிக்கொண்டிருப்பார். யாராவது ஒருவர் எப்போதும் அவரை நிறுத்தச் சொல்வார்.

நைனாவுக்கும் கூட்டாளிக்கும் ஒரு முறை இருந்தது. ஒரு நாள் நைனா ஊற்றுவார், மறுநாள் அவர். ஊற்றியவர் முதலில் எடுக்கக் கூடாது. மற்றவர் இரண்டு கிளாஸையும் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்து, தனக்கு வேண்டியதை எடுத்த பிறகுதான் ஊற்றியவர் மிச்சத்தைத் தொடலாம். தொட்டுக்கொள்ள ஒரு முட்டை. வெள்ளைக்கரு அவருக்கு, மஞ்சள்கரு நைனாவுக்கு.

ஒருவர் பெயர் மட்டும் மற்றவருக்குத் தெரியாது. நைனாவிடம் ஒருமுறை அதைப் பற்றிக் கேட்டேன்.

"பேர் கேட்டா தெரு கேக்கணும். தெரு கேட்டா அப்பால இன்னான்னவோ கேக்கணும். பார்ட்னர்னா போதும்டா, வேற இன்னா?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். ராயபுரத்தில் ஒரு சரக்கு ஏஜென்சி ஆபீசில் கணினியில் பில் போடும் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்த அன்று நேராக பாருக்குப் போனேன். பெரிய காரியம் செய்வதாக நினைப்பு எனக்கு. இரண்டு குவார்ட்டர் வாங்கி, ஆளுக்கு ஒன்றாக முன்னால் வைத்தேன். இன்றைக்குப் பாதி வேண்டாம் மாமா, முழுசாகக் குடியுங்கள், என் செலவு என்று கூட்டாளியிடம் சொன்னேன்.

நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கூட்டாளி என்னைப் பார்க்கவில்லை, பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நைனாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"இத்தினி வருசமா நான் ஓசிக்கா வந்துகினு இருந்தேன் பார்ட்னர்? கட்டிங் போட வந்தேன்."

பாக்கெட்டிலிருந்து தன் பாதிக் காசை எடுத்துத் தண்ணீர் பாக்கெட்டுக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். பாட்டில்களை யாரும் திறக்கவில்லை.

அன்றிலிருந்து நைனா தினமும் போய் அதே மேஜையில் உட்கார்ந்தார். வேறு யாரோடும் கட்டிங் போடவில்லை, தனியாகவும் குடிக்கவில்லை. அம்மா முதல் இரண்டு நாள் சந்தோஷப்பட்டாள். மூன்றாம் நாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஐந்தாம் நாள், "யோவ், போய்க் குட்ச்சிட்டுதான் வாயேன், வூடே பேஜாரா கீது" என்றாள். அவர் வைத்துவிட்டுப் போன காசு நைனாவின் சட்டைப் பாக்கெட்டில் மடித்தபடியே இருந்தது. சட்டை மாற்றும்போது காசும் சட்டை மாறியது.

ஒன்பதாம் நாள் நான்தான் சொன்னேன், தேடிப் போகலாம் என்று. நைனாவிடம் இருந்த துப்பு இரண்டுதான். அவர் வடக்கே போகும் பஸ்ஸில் ஏறுவார். காது மடலில் எப்போதும் சாம்பல் படிந்திருக்கும். சாம்பல் என்றால் அனல் மின் நிலையம் இருக்கிற எண்ணூர்ப் பக்கம்தான் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். பெயர் தெரியாத ஆளை என்னவென்று விசாரிப்பது? படித்த தோரணையில் நான் உயரம், நிறம், வயது எல்லாம் சொல்லிக் கேட்டேன். அந்த அடையாளத்தில் எண்ணூரில் பாதிப் பேர் இருந்தார்கள்.

இரண்டு கடைகள் பார்த்தாயிற்று. மூன்றாவது கடை வாசலில் வேகவைத்த முட்டை விற்ற அக்காவிடம் நைனா கேட்டார், மஞ்சள்கரு வேண்டாம் என்று சொல்கிற ஆள் யாராவது வருவாரா என்று.

"அந்த ஆளா? இப்ப ஒரு வாரமா வர்றாரு. மஞ்சக்கருவ பிச்சி நாய்க்குப் போட்டுட்டுப் போவாரு. அவுரோட இங்க யாரும் கட்டிங் சேர மாட்டாங்க. நீ மொதல்ல எடு, நீ மொதல்ல எடுன்னு நேரத்த இழுக்குறாராம்."

நைனா தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்தது. கரண்ட் கம்பத்தை ஒட்டி, பாதிக் காசைக் கையில் சுருட்டிக்கொண்டு கூட்டாளி வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கிற வாக்கியம் ஒன்றை நான் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். நைனா என்னை முட்டைக் கூடை பக்கத்திலேயே நிறுத்திவிட்டுப் போனார். முதல் நாள் போலவே, தெரியாத ஆளைக் கேட்பது போல, தெருவைப் பார்த்தபடி கேட்டார்.

"கட்டிங் கீதா?"

அவரும் தெருவைத்தான் பார்த்தார். பஸ் ஒன்று போனது. பிறகு சுருட்டிய நோட்டுகளை நீட்டினார்.

"அத்த உள்ள வை," என்றார் நைனா. "உன் பாதி எங்கிட்டயே கீது."

"இன்னிக்கு யாரு ஊத்தறது?"

"அன்னிக்கு உன் மொற. ஊத்தாமதானே போய்ட்ட."

நான் பர்ஸைத் தொடவில்லை. நைனா சட்டைப் பாக்கெட்டிலிருந்து அந்த மடித்த காசை எடுத்தார், அதன்மேல் தன் காசை வைத்தார், கடைக் கம்பிக்குள் கையை விட்டார். குவார்ட்டர் நூற்றைம்பது ரூபாய். ஆளுக்கு எழுபத்தைந்து.