பத்தொன்பது நாள் குஞ்சுகள்

முட்டை பொரிக்கும் விஷயத்தில் ஏற்காட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. சிரிக்காதீர்கள், நிஜம்தான். சேலத்தில் வீடு கட்டியிருக்கும் மகன், அடுத்த மாதமே கீழே வந்துவிடுங்கள் என்கிறான். அங்கே போனால் இந்தப் பெயர் செல்லுபடியாகாது என்பதும் என் கவலைகளில் ஒன்று.

போன ஞாயிறு பக்கத்து ஹோம்ஸ்டேக்காரர் ஓர் அட்டைப்பெட்டியோடு என்னைத் தேடி வந்தார். தங்க வரும் குழந்தைகளுக்குக் காட்ட அவருக்குக் கோழிக்குஞ்சு வேண்டுமாம். பெட்டிக்குள் எல்.இ.டி. பல்பு மாட்டியிருந்தார். அது வெளிச்சம் தரும், சூடு தராது என்று சொல்லிவிட்டு வழக்கம்போல என் பழைய கதையை எடுத்தேன். கோழிக்கு இருபத்தொரு நாள், என் பெட்டிக்குப் பத்தொன்பதே நாள் என்று முடிக்கும் இடத்தில் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். இந்த மனிதர் செல்போனைத் தடவிப் பார்த்துவிட்டு, "இருபத்தொண்ணுன்னுதானே சார் போட்டிருக்குது?" என்றார். சமையலறையில் என் மனைவி சரோஜா சிரிக்கும் சத்தம் கேட்டது.

அந்தப் பழைய கதை நடந்தபோது எனக்கு எஸ்டேட்டில் ரைட்டர் வேலை. வேலையாட்களின் வருகையை எழுதி, எழுதிய எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுவேன். கல்யாணமாகி மூன்று மாதம். சரோஜா அடிவாரத்துப் பெண். மலையில் துவைத்த துணி காய நாலு நாள் ஆகும், காய்ந்த பிறகும் காளான் வாசம் அடிக்கும். எப்போது பார்த்தாலும் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பாள். வீட்டு ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மாமனாருக்குச் சேலத்தில் இரும்புக்கடை. என்னை அதில் உட்கார வைக்க வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. எனக்கோ அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே பிடிக்காது.

ஒருமுறை அவர் உமிக் கூடையில் பன்னிரண்டு நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்தார், மகள் தின்பதற்கு. கொண்டை ஊசி வளைவு முழுக்கக் கூடையை மடியில் வைத்தபடியே பஸ்ஸில் வந்தாராம். நான் சும்மா இருந்திருக்கலாம். இதையெல்லாம் கோழியே இல்லாமல் பெட்டியில் பொரிக்கலாம் என்று, எங்கோ படித்ததை அவிழ்த்துவிட்டேன். மனிதர் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"இந்தக் குளுருல மனுசனே வெறைச்சுப் போறானுங்க மாப்ளே. குஞ்சு பொரிஞ்சா நீங்க இங்கயே இருங்க, நான் வாயத் தொறக்கல. பொரியலீன்னா மூட்டையக் கட்டிக்கிட்டுக் கடைக்கு வந்துரோணும். சம்மதமுங்களா?"

புது மனைவி முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன். சரோஜா மூக்கை உறிஞ்சினாள். நான் தோற்றால் இவளுக்குக் கொண்டாட்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓர் ஆரஞ்சுப் பெட்டி, உள்ளே சாக்கு, நாற்பது வாட் குண்டு பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர். சாக்கு சூடேறி அடிக்கும் வாசம் வீடு முழுக்க இருக்கும், எனக்கு அது பிடிக்கும். ரைட்டர் புத்தி போகுமா? ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் என் சின்னக் கையெழுத்தைப் போட்டேன். காலையில் அது மேலே, மாலையில் கீழே. திருப்பி வைத்தது தெரிய வேண்டுமல்லவா? சூடு பார்க்க, எஸ்டேட் டிஸ்பென்சரியில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை இரவல் வாங்கி உள்ளே வைத்தேன். நூறு டிகிரி. மறுநாளும் நூறு, அதற்கு மறுநாளும் நூறு. ஒன்பதாம் நாள் மரம் ஒன்று மின்கம்பி மேல் விழுந்து இரண்டு நாள் கரன்ட் இல்லை. பயந்துகொண்டே திறந்தால் அப்போதும் நூறு!

"பாத்தியா சரோஜா, என் பெட்டி சூட்டை எப்படிப் புடிச்சு வெச்சிருக்குது!" என்று குதித்தேன். காய்ச்சல் தெர்மாமீட்டர் ஏறினால் ஏறினதுதான், உதறினால்தான் இறங்கும். ஊரில் இது தெரியாத ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது.

பத்தொன்பதாம் நாள் மாலை வேலை முடிந்து வந்தால் பெட்டிக்குள் கீச்கீச்சென்று சத்தம். என் கையெழுத்தைப் பிளந்துகொண்டு ஒரு மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மொத்தம் ஒன்பது குஞ்சு. அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன வெட்கம்? மாமனார் வந்தார், பார்த்தார், காப்பியைக் குடித்தார், காலிக் கூடையை எடுத்துக்கொண்டு கீழே போனார். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். அவருடைய கோழியிடம் எங்கள் குஞ்சுகளை வளர்க்க விட்டோம். அது ஒரு கொத்துகூடக் கொத்தாமல் அத்தனையையும் றெக்கைக்குள் இழுத்துக்கொண்டது. நல்ல மனசுள்ள கோழி என்று பாராட்டினேன். நாலு குஞ்சை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அக்காவிடம் தாராளமாகச் சொன்னேன்.

"ரைட்டர் தம்பிக்கு நொம்பப் பெரிய மனசுங்க" என்றார். முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை.

ஹோம்ஸ்டேக்காரர் போனதும், என்ன சிரிப்பு என்று சரோஜாவைக் கேட்டேன்.

"கரன்ட் போன அன்னிக்கே உங்க முட்டையெல்லாம் சில்லுன்னு ஆயிப்போச்சுங்க. நாலு நாள் கழிச்சு ஒண்ண ஒடச்சுப் பாத்தேன், நாத்தம் கொடலப் புடுங்குச்சு. உங்களுக்குத் தெரியாம அதுக்குப் பதிலா வேற முட்டைய வெச்சேன்."

ஸ்டெல்லா அக்காவின் கோழி எங்களுக்கு இரண்டு நாள் முந்தியே அடைக்கு உட்கார்ந்திருந்ததாம். ஓடு கீறத் தொடங்கியதும் இருவரும் அந்த முட்டைகளை முந்தானையில் கட்டி எடுத்து வந்து, என் பென்சிலாலேயே என் கையெழுத்தைப் போட்டு, பெட்டியில் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

"கையெழுத்து எப்படி வந்தது?"

"கோழிக் கிறுக்கல்தானுங்களே, என்ன கஷ்டம்?"

முப்பது வருஷமாக ஏன் சொல்லவில்லை என்றேன்.

"அப்பவே சொன்னா மூட்டையக் கட்டியிருப்பீங்க. எனக்கு இந்த மலைய உட்டுப் போக மனசில்லீங்க."

"அப்புறம் எதுக்கு எந்நேரமும் மூக்கை உறிஞ்சின?"

"சளிங்க."

கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட சந்தோஷமாக இருந்தது. அந்த சந்தோஷத்தில்தான் சொன்னேன்: "இன்னொரு தடவை பன்னெண்டு முட்டை வெப்போம். பொரிஞ்சா இங்கயே இருந்துக்கலாம். மகன்கிட்ட நான் பேசிக்கறேன்."

அவள் கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வெக்கலாங்க. கெட்டுப்போனா மாத்தி வெக்க ஆரு இருக்கறாங்க?"

ஸ்டெல்லா அக்கா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் வீடு இருந்த இடத்தில்தான் ஹோம்ஸ்டே நிற்கிறது. பின்பக்கம், இந்தக் குளிரில், நீச்சல் குளத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.