அலாரம் அடிக்காத பம்ப்

அக்கா முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்ததுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. செம்பாக்கம் வீட்டில், ஞாயிறு ஆராதனைக்கு நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்த காலை அது. பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சராக இருந்தவள், பெருங்களத்தூர் அருகே நடந்த விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்திருந்தாள். கால்கள் விறைத்து இழுத்துக்கொள்ளாமல் இருக்க வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு பம்ப் வைத்திருந்தார்கள். அதிலிருந்து நூல்போன்ற குழாய் ஒன்று தண்டுவடத்துக்கு மருந்தைக் கொண்டுபோகும்.

"நேத்து எறா சாப்பிட்டல்ல, அதான் அரிப்பு" என்று அலர்ஜி மாத்திரையை நீட்டினேன்.

"இல்லடா, காலும் பழைய மாதிரி இறுக்குது. மருந்து வரலைன்னு தோணுது."

"அலாரம் அடிக்கலையேக்கா."

மருந்து தீரப்போனால் பம்ப் சத்தம் போடும் என்று சொல்லியிருந்தார்கள். சத்தம் இல்லை, ஆகவே குறையும் இல்லை என்பது என் கணக்கு. அவளைப் படுக்கவைத்துவிட்டு நான் மட்டும் ஆராதனைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அவளுடைய முழங்கால்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருந்தன. உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் கருவியொன்றை அவள் வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தார். "பம்ப் பர்ஃபெக்டா ஓடுது. மருந்தும் இருக்கு. ஃபீவருக்கு வேற காரணம் பார்க்கணும்."

"பம்ப் ஓடும் டாக்டர். எனக்கு வந்து சேரல. குழாயைப் பாருங்க" என்றாள் அக்கா, பற்கள் தந்தியடிக்க.

"அவருக்குத் தெரியும்க்கா, சும்மா இரு" என்றேன். இன்றைக்கும் அந்த வாக்கியம் என்னை ஓரிடத்தில் உட்கார விடுவதில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கும்வரை விடமாட்டேன் என்றாள். பெரிய டாக்டர் வந்தார், படத்தைப் பார்த்தார். தண்டுவடத்திலிருந்து குழாய் நழுவி, தோலுக்கடியில் சுருண்டு கிடந்தது. பம்ப் தவறாமல் அனுப்பிய மருந்தெல்லாம் வேறெங்கோ கசிந்துகொண்டிருந்தது. அரிப்பு, காய்ச்சல் எல்லாமே மருந்து திடீரென நின்றுபோனதால் வந்தவை, இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றவர், அன்று மாலையே ஆபரேஷன் செய்தார்.

மூன்றாம் நாள் கால்களின் இறுக்கம் தளர்ந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"நீ நம்பாதது பெருசில்லடா. நீங்க ரெண்டு பேரும் சொல்லச் சொல்ல எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு. அதான் பயமா இருந்துச்சு" என்றாள்.

இப்போது அவள் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். நான் வேலையிடத்திலிருந்து தினமும் போன் செய்து, கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். நன்றாக இருக்கிறது என்கிறாள். மறுபடியும் கேட்கிறேன்.

"நல்லா இருக்குன்னு சொன்னாலும் நம்ப மாட்டியாடா?" என்று எரிந்து விழுகிறாள்.