சிவப்புக் கோடிட்ட மணிகள்

பாறை முறிவதை எண்ணுவதுதான் கினுவேயின் வேலை. பதினேழு வயதில் கணக்குப் போடும் மணிச்சட்டத்தோடு சுரங்க அலுவலகத்துக்குள் நுழைந்தவள் அவள். பல்கலைக்கழகத்தார் வந்து சுரங்கச் சுவரில் கருவிகளைப் பதித்துவிட்டுப் போனபோது, அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டவள் அவள் ஒருத்திதான். மலைக்குள் காதுக்கு எட்டாத சிறு முறிவுகள் ஒவ்வொன்றும் தாளில் ஒரு துள்ளலாக விழும். அன்றைய எண்ணிக்கையால் ஒன்றை வகுத்து ஒரு புள்ளி வைப்பாள். முறிவுகள் பெருகப் பெருகப் புள்ளி கீழே இறங்கும். புள்ளிகளைக் கோடாக இழுத்தால், அது அடிக்கோட்டைத் தொடும் நாள்தான் சுரங்கம் இடியும் நாள்.

வெடி வைத்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு வரும் துள்ளல்களைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவார்கள். அது வெடியின் நடுக்கம், மலையின் பேச்சு அல்ல என்பது எங்கள் சுரங்கத்தின் வழக்கம்.

அவள் புருஷன் யாசகு அதே சுரங்கத்தில்தான் துளை போட்டான். நாங்கள் பக்கத்து வீடு, சுவர் மெல்லியது. தினம் காலையில் கேட்கும்.

"என்னடி, இன்னைக்கு மலை என்ன சொல்லுது?"

"இன்னும் உங்களைத் தாங்கிக்கிறேன்னு சொல்லுது."

"அப்போ உன்னைவிட அதுக்குப் பொறுமை ஜாஸ்தி."

ஷோவா நாற்பத்து நான்காம் ஆண்டு, அதாவது 1969, இலையுதிர் காலத்தில் நிலக்கரி அதிகம் வேண்டும் என்று மேலிடம் நெருக்கியது. எட்டு மணி நேர வேலைமுறைக்கு இரண்டாக இருந்த வெடி ஐந்தாயிற்று. தாளில் சிவப்பு கூடியதைக் கினுவே பார்த்தாள். வேலை மும்முரம் என்று நினைத்தாள். எண்ணிக்கை நாற்பத்தைந்து, நாற்பத்தாறு என்று பழைய இடத்திலேயே நின்றது. புள்ளியும் இறங்கவில்லை. தினமும் பாதுகாப்புத் தாளில் தன் முத்திரையைக் குத்தினாள்.

ஒரு புதன்கிழமை முற்பகல், புதிதாக வேலைக்குச் சேர்ந்த மிட்சுஹோ எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா இது, ஒரே ரத்தக்களரியா இருக்கு! எண்ணுறதுக்கு வெள்ளை எங்கே மிச்சம்?"

கினுவேயின் கை நின்றது. முன்பு சிவப்பு போக எட்டு மணி நேரத்தில் ஆறு மணி நேரம் எண்ணினோம். இப்போது மூன்றே மணி நேரம். பாதி நேரத்தில் அதே நாற்பத்தைந்து என்றால் மலை இரண்டு பங்கு முறிந்துகொண்டிருக்கிறது! மூன்று வாரத்துப் புள்ளிகளையும் எண்ணிய மணிக்கு இவ்வளவு என்று மாற்றி வைத்தாள். வரிசையாக இறங்கின. அளவுகோலை வைத்துக் கோட்டை இழுத்தாள். அது தொட்ட தேதி அன்றைய தேதி.

பிரிவுத் தலைவர் நாகோஷியின் மேசைக்கு ஓடினாள்.

"ஆளுங்களை வெளியே கூப்பிடுங்க ஐயா, இப்பவே!"

"காலையில நல்லா இருக்குன்னு நீதானேம்மா முத்திரை வெச்சே?"

"நான்தான். தப்பும் என்னோடதுதான்."

"வேலையை நிறுத்த மேலாளர் முத்திரை வேணும். சாப்பிடப் போயிருக்காரு. வரட்டும், பார்க்கலாம்."

எந்த மேலதிகாரியின் முன்னும் குரல் உயர்த்தாத அந்தப் பெண், அவர் மேசையிலிருந்த சுரங்கத் தொலைபேசியை எடுத்துச் சுழற்றினாள். கீழே எடுத்தது, விதியின் கொடுமை, யாசகுவே.

உள்ளே இருபத்திரண்டு பேர். மற்றதை என் கணவர் சதகிச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாசகு தொலைபேசியை வைத்துவிட்டு, "எந்திரிங்கடா! என் பொண்டாட்டி போகச் சொல்றா, வீட்லயும் அவ பேச்சுதான், இங்கயும் அவ பேச்சுதான்" என்று கத்தினானாம். சிரித்துக்கொண்டேதான் நடந்தார்களாம். வாசலருகே தலைகளை எண்ணினார்கள். இரண்டு குறைந்தன. சுரங்கத்தின் கடைக்கோடியில் துளைக் கருவி ஓட்டிய இருவருக்கு அந்த இரைச்சலில் எதுவும் கேட்டிருக்காது. யாசகு திரும்பி ஓடினான்.

என் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுப்பில் கஞ்சி பொங்கிக்கொண்டிருந்தது. அணைக்கக்கூடத் தோன்றாமல் ஓடினேன்.

பத்தொன்பது பேர் வெளியே வந்தார்கள். அதில் என்னவரும் ஒருவர். யாசகு உட்பட மூவரின் உடல்களை ஐந்தாம் நாள் எடுத்தார்கள். விசாரணையில், மலை முன்னறிவிப்பே தரவில்லை என்று எழுதிக்கொள்ளலாம் என்று நாகோஷி சாடையாகச் சொன்னாராம். கினுவே எழுந்து, "மலை மூணு வாரமாச் சொல்லுச்சு, நான்தான் சிவப்புல அடிச்சுப் போட்டேன்" என்றாளாம். அன்றிலிருந்து இறந்த மற்ற இருவரின் மனைவிமாரும் பொதுக் குளியலறையில் அவளைக் கண்டால் எழுந்து போய்விடுவார்கள்.

நான் சோற்று உருண்டைகளோடு போனேன். உங்களால்தான் என்னவர் பிழைத்தார் என்பது போல ஏதோ சொல்ல நினைத்து, தட்டை அவள் முன்னால் வைத்தேன். யாசகுவின் படத்துக்கு எதிரே கினுவே தலை வாராமல் உட்கார்ந்திருந்தாள்.

"சரிடி, கணக்கு தப்பாயிருந்தா சாயங்காலம் வந்து உன்னைக் கவனிச்சுக்கிறேன்னாரு" என்றாள். "போனை வெச்ச உடனே, ஐயோ, இந்த ஒரு கணக்காவது தப்பாப் போகட்டும்னு கும்பிட்டேன் தங்கச்சி. ஒரு மணி நேரம்கூடப் பிசகலையே!"

நான் கொண்டுபோன உருண்டையில் ஒன்றை எடுத்து என் கையிலேயே வைத்தாள்.

"கொண்டு போய் சதகிச்சிக்குக் குடு."