ஒரே மூச்சில் திட்டியது

பெங்களூருவில் தை மாதக் காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், என் மூச்சு வெள்ளையாக எனக்கு முன்னால் போகிறது. தூத்துக்குடியில் இருபத்தேழு வருடம் மூச்சு விட்டிருக்கிறேன்; ஒருநாளும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. இங்கே பார்க்கும்போதெல்லாம், பரவாயில்லை, வருகிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

காரணம் உண்டு. போன வருடம் நிமோனியா முற்றி, பதினொரு நாள் ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர்தான் எனக்காக மூச்சு விட்டது. வீடு திரும்பியபோது மகள் நிலாவுக்கு எட்டு மாதம். நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது, அது முழுதாக மறையாது, மீதி இடத்தைப் பழக்கி எடுக்கலாம் என்றார் டாக்டர். தொம்மலூரில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பிசியோதெரபிஸ்ட் சம்மதிக்கும்வரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறக் கூடாது என்று கட்டளை. கணவர் அவளைத் தூக்கிப் போவார்; நான் வெறுங்கையோடு பின்னால் ஏறுவேன். அவர் தோளுக்கு மேலாக அவள் கை என்னை நோக்கி நீளும்.

பிசியோதெரபிஸ்ட் சுமா என்னைவிடச் சின்னவள். விரலில் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டி, மருத்துவமனைப் படிக்கட்டில் ஏறிக்கொண்டே பேசச் சொல்வாள். வாக்கியம் உடையாமல் வந்தால் தேர்ச்சி. மூன்று மாதமாக நான் தேறவில்லை. கிளிப்பில் எண் நன்றாகவே இருக்கும். ஆனால் நேற்று மார்க்கெட்டுக்குப் போன கதை, "நானு... நென்னெ... மார்க்கெட்டு..." என்று துண்டு துண்டாக விழும். சுமா கவலையோடு தாளில் 'மூச்சிரைப்பு' என்று குறிப்பாள். வந்த ஊரின் பேச்சைப் பேசுவதுதான் மரியாதை என்று, முதல் நாளே கன்னடத்தில் பேச அடம்பிடித்தவள் நான்தான். நடுவில் நிற்பது காற்றைத் தேடியா, வார்த்தையைத் தேடியா என்று எனக்கே தெரியாமல் போயிருந்தது.

போன வாரம் அப்படி ஏறிக்கொண்டிருந்தபோது, படியின் உச்சியில் கணவர் நிலாவோடு வந்து நின்றார். அவள் உடம்பில் மெல்லிய கவுன் மட்டும்.

"என்னங்க, ஸ்வெட்டர நாற்காலி மேலயே வச்சிட்டு வந்தேன்ல, இந்தக் குளிர்ல பிள்ளைய இப்படியா தூக்கிட்டு வருவீங்க, சளி பிடிச்சா அப்புறம் யாரு பாக்கது, தொப்பியாவது போட்டிருக்கலாம்ல!"

சொல்லி முடித்தபோது உச்சிக்கே வந்திருந்தேன். சுமா கிளிப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, நீவு தமிழல்லே மாத்தாடி!" தமிழிலேயே பேசுங்கள் என்கிறாள்.

"ஒரு வருஷமா இந்தத் திட்டு இல்லாம நிம்மதியா இருந்தேன்," என்ற கணவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்கோ சந்தேகம். கோபத்தில் வரும் மூச்சு செல்லுமா? இன்னொரு முறை சோதிக்கச் சொன்னேன். இம்முறை சாந்தமாக, புளிக்குழம்பு வைக்கும் விதத்தைச் சொல்லிக்கொண்டே ஏறினேன். தாளித்து முடிப்பதற்குள் சுமா கையெழுத்துப் போட்டுவிட்டாள்: மாடிக்கு மாடி நின்று, தூக்கலாம்.

அன்று மாலை நிலாவை இடுப்பில் வைத்து ஏறினேன். கணவர் இரண்டு படி பின்னால், பிடிக்கத் தயாராகக் கைகளை விரித்தபடி. மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பூனை. "பெக்கு!" என்று கத்தினாள் நிலா. கீழ்வீட்டுப் பிள்ளைகளிடம் பிடித்துக்கொண்ட கன்னடம். பூனை என்று திருத்த வாயெடுத்தேன். அதற்கு மூச்சு மிச்சமில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வீட்டுக் கதவைத் திறக்கும்வரை எங்கள் மூவருக்கும் அது பெக்குதான்.