மூன்று முறை சொல்ல வேண்டிய சொல்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மேல்நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. அரியலூர்ப் பேருந்து நிலையத்தை அடுத்து நான் நடத்திவந்த தட்டச்சுக் கடையில், பழைய லேப்டாப்பின் முன்னால் என் தங்கையின் கணவர் அமர்ந்திருந்தார். வெளியே உச்சி வெயில். சிமென்ட் லாரிகள் கடக்கும்போதெல்லாம் கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. எழுத்துகளின் ஓட்டம் திடீரென நின்றது. கடைசி வரி சிவப்பாக இருந்தது. அவர் மடியிலிருந்த சிலேட்டை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினார். "வண்டி பிரேக் டவுனா மச்சான்?"

அவர் தனியார் பேருந்தொன்றின் நடத்துநர். பெரம்பலூர், அரியலூர் தடத்தில் அவர் குரலை அறியாதவர் குறைவு. படியில் தொங்கியபடி ஊர்ப்பெயரை அவர் நீட்டிச் சொன்னால், சாலையின் மறுபுறம் புளியமரத்தடியில் உறங்குபவரும் எழுந்து பையைத் தேடுவார். அந்தத் தொண்டையிலேயே நோய் வந்தது. திருச்சியில் அறுவை செய்து குரல்வளையை அகற்றினார்கள். உயிர் மிஞ்சியது, கழுத்தின் துளையும், அதை மறைக்கும் வெள்ளைத் துணியும், ஒரு சிலேட்டும் மிஞ்சின. வேலையை விட்ட பிறகும் காக்கிச் சட்டையை மட்டும் அவர் விடவில்லை.

அறுவைக்குப் பிந்தைய ஆண்டிலேயே அவருடைய ஒரே மகளுக்குத் திருமழபாடியில் வரன் அமைந்தது. எங்கள் வகையறாவில் நிச்சயதாம்பூலத்தன்று கையெழுத்து என்பது கிடையாது. பெண்ணின் தகப்பனார் சபையில் எழுந்து நின்று, "எம் பொண்ணை உங்க வூட்டுக்குக் கொடுக்குறேன்" என்று மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் மணமகனின் தகப்பனார், "வாங்கிக்கிறோம்" என்று மறுமொழி சொல்வார். அதன் பிறகே தட்டு கைமாறும். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் அந்தச் சொல்லைச் சொல்லலாம். அந்தத் தாய்மாமன் நான்.

ஆகவே நடத்துநரின் ஊரான பூலாம்பாடியில் பெரியவர்கள் கூடிப் பேசியபோது, முடிவு எளிதாகவே இருந்தது. "கண்டக்டருக்குத்தான் தொண்டை இல்லையே. தாய்மாமன் சொல்லட்டும், முறைதானே" என்றார் அவருடைய பெரியப்பா. எவருக்கும் அதில் கெட்ட எண்ணம் இல்லை. நடத்துநர் எழுதிய சிலேட்டு கைக்குக் கை மாறியது. "நான் உசுரோடதான இருக்கேன்?" என்று அதில் இருந்தது. அதைப் படித்த ஒருவர், "அப்ப சிலேட்டுல எழுதிக் காட்டுங்க மாப்ளே, போதும்" என்றார். அவர் தலையை அசைத்து மறுத்தார். அழித்துவிட்டு மறுபடியும் எழுதினார். "எழுதுனா அழிச்சிடலாம். சொன்னா முடியாது."

மகள் தன் கைப்பேசியைக் கொண்டுவந்தாள். அதில் எழுதினால் அது வாசித்தது; ஆனால் இளம்பெண் ஒருத்தியின் குரலில், செய்தியறிக்கை போல வாசித்தது. "பொண்ணைப் பொண்ணே கொடுக்குதா?" என்று அவர் எழுதிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் ஓசையில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஓய்ந்ததும் அவர் என்னை மட்டும் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. மறுநாள் காலைப் பேருந்திலேயே அரியலூருக்கு வந்து, என் கடையில் அமர்ந்துவிட்டார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சிமென்ட் ஆலை ஒன்றின் எடைமேடையில் வேலை பார்த்தபோது, அங்கிருந்த கணினியைத் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொண்டேன். ஓய்வுக்குப் பின் தட்டச்சுக் கடை வைத்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இணையத்தில் முகமறியாத மனிதர்கள் எழுதி வைத்தவற்றைப் படித்து, தவறித் தவறி அறிந்தவையே. அவ்வாறு தேடியபோது, எழுத்தை ஒலியாக்கும் திறந்த மூல நிரல் தொகுதி ஒன்று அகப்பட்டது. எவரும் விலையின்றி எடுத்துத் தமக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். குரலைத் தாழ்த்தலாம், கரகரப்பாக்கலாம், வேகப்படுத்தலாம். பல மொழிகளின் ஒலிப்பு விதிகள் அதில் இருந்தன, தமிழும் இருந்தது. ஆயத்தமாகக் கிடைத்த பதிப்பு என் பழைய விண்டோஸில் ஓட மறுத்தது. ஓடியிருந்தாலும் பயனில்லை. நம் பக்கத்துப் பேச்சை அது பேச வேண்டுமானால் அந்த விதிகளைத் திருத்த வேண்டும். திருத்தினால் மூலத்திலிருந்தே எல்லாவற்றையும் மறுபடி உருவாக்க வேண்டும். அதைத்தான் கம்பைல் செய்வது என்கிறார்கள்.

நடத்துநருக்கு இதை விளக்க எனக்கு ஆலைதான் உதவியது. சுரங்கத்திலிருந்து வரும் சுண்ணாம்புக் கல்லை எவரும் சுவரில் பூச முடியாது. அரைத்து, சூளையில் சுட்டு, மீண்டும் அரைத்தால்தான் அது மூட்டைக்குள் போகும். மனிதர் எழுதிய மூலநிரல் கல், கம்பைலர் சூளை, வெளிவருவதுதான் இயந்திரத்துக்கு உதவும் சரக்கு. அவர் கவனமாகக் கேட்டுவிட்டு எழுதினார். "சூளை பத்திக்கிச்சா?"

சூளை பற்றிக்கொண்டது, சரக்குதான் வரவில்லை. நிரல் தொகுதி உருவாயிற்று. அதனுடன் வரும் கருவியும் உருவாயிற்று. ஒலிப்பு விதிகளை எடுத்து, பேசுவதற்குரிய தரவாக மாற்றித் தருவது அந்தக் கருவியின் வேலை. தமிழ் விதிகளை அது திறக்க வேண்டிய இடத்தில், கோப்பைக் காணவில்லை என்று ஒவ்வொரு முறையும் நின்றது. கோப்போ என் கண்ணெதிரே இருந்தது. கம்பைலரை நீக்கி மறுபடி நிறுவினேன். வேறு பதிப்பைப் போட்டுப் பார்த்தேன். அதனுடன் வந்த ஆங்கிலக் குறிப்புகளை அகராதி வைத்துப் படித்தேன். பல பிற்பகல்கள் இவ்வாறே கழிந்தன. நிச்சயத்துக்குக் குறித்த நாள் நெருங்கியது. பெரியப்பா தொலைபேசியில் அழைத்து, "எதுக்கும் நீங்க தயாரா இருங்க" என்றார். அந்த வாக்கியத்தை நான் நடத்துநரிடம் சொல்லவில்லை. ஆனால் என் பக்கத்தில் அமர்ந்திருந்த அவர், மறுமுனைப் பேச்சைக் கேளாமலே அறிந்துகொண்டார். சிலேட்டைக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு ஒரு நாள் அவர் சுண்ணக்கட்டியால் திரையின் சிவப்பு வரியைச் சுட்டினார். கோப்பு எந்தக் கோப்புறைக்குள் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற வழி அங்கே எழுதப்பட்டிருந்தது. அதன் நடுவே வரிசையாகக் கேள்விக்குறிகள். அவர் எழுதினார். "இது என்ன ஊரு மச்சான்? போர்டுல இப்படிப் போட்டிருந்தா டிரைவர் எங்க போவான்?"

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. அந்த ஊர் என் பெயர். அந்த லேப்டாப்பை முதன்முதலாக அமைத்த நாளில், பயனர் பெயரைத் தமிழில் இட்டவன் நான். என் பெயரைப் பிற எழுத்தில் எழுதுவதில்லை என்பது எடைமேடைச் சீட்டுகளில் தொடங்கிய என் பிடிவாதம். விண்டோஸ் அந்தப் பெயரிலேயே எனக்கு ஒரு கோப்புறை அமைத்தது. நான் இறக்கியவை எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. கம்பைலர் அதைப் பொருட்படுத்தவில்லை. இந்தக் கருவிக்கோ வழியில் வரும் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை; எழுத்துகளைக் கேள்விக்குறிகளாகக் கண்டு, அப்படியோர் இடம் இல்லை என்று திரும்பியது. தமிழைப் பேசவைக்கப் பிறந்த கருவி, வாசலில் தமிழ்ப் பெயர் எழுதிய வீட்டுக்குள் நுழையத் தெரியாமல் நின்றிருக்கிறது. எனக்கு அது வேடிக்கையாக இல்லை. எவரையும் கோபிக்கவும் தோன்றவில்லை. விலை வாங்காமல் எழுதிக் கொடுத்தவர்கள் எந்நாட்டவரோ. அரியலூரில் ஒருவன் இப்படிப் பெயரிடுவான் என்று அவர்கள் எண்ணியிருக்க வழியில்லை.

கணினி வட்டின் முகப்பிலேயே ஆங்கில எழுத்தில் புதிய கோப்புறை ஒன்று அமைத்து, எல்லாவற்றையும் அங்கே மாற்றி, மீண்டும் தொடங்கினேன். வெள்ளை எழுத்துகள் ஓடின, இம்முறை நிற்கவில்லை. முடிந்ததும் நான் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தேன். அவர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி, பேசவைக்கும் பொத்தானைக் கடைசியாக அழுத்தினார். லேப்டாப் வாய் திறந்தது. "டீ சொல்லுங்க மச்சான்." கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்து, சிலேட்டில், "தகர டப்பாவுல கல்லு உருட்டுன மாதிரி இருக்கு" என்று எழுதினார். அவர் கண்களில் நீர் நின்றது. நான் தேநீர் சொல்லப் போவதுபோல் வெளியே வந்துவிட்டேன்.

அதன் பின் பூலாம்பாடி வீட்டில் குரலைச் சீர் செய்தோம். தாழ்த்தினோம், கரகரப்பைக் கூட்டினோம், விதிகளைத் திருத்தி, நீட்ட வேண்டிய எழுத்துகளை நீட்டவைத்து, மறுபடி மறுபடி கம்பைல் செய்தோம். என் தங்கை அடுக்களை வாசலில் நின்று தீர்ப்பு வழங்கினாள். "இவரு என்னிக்குண்ணே இவ்வளவு பொறுமையா பேசுனாரு? இன்னும் கொஞ்சம் அதட்டலா வைங்க." அவர் உடனே தட்டினார். "சும்மா இருடி." இயந்திரம் அதைச் சொன்னதும் தங்கை சிரிக்கத் தொடங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அது அவருடைய குரலாக ஆகவில்லை. வேறு எவருடைய குரலாகவும் இல்லை. இது போதும் என்று அவரே முடிவு செய்தார்.

நிச்சயத்துக்கு முந்திய நாள் நான் ஒரு யோசனை சொன்னேன். வாக்கியத்தை ஒரு முறை தட்டி வைத்துக்கொண்டால், ஒரே பொத்தானை மூன்று தடவை அழுத்தினால் போதும். சபையைக் காக்கவைக்க வேண்டியதில்லை. அவர் மறுத்துவிட்டார். "அது ஒரு தடவை சொல்லி மூணு தடவை கேக்குறது. நான் மூணு தடவை சொல்லணும்."

சபை நிறைந்திருந்தது. திருமழபாடியிலிருந்து வந்தவர்கள் ஒருபுறம், எங்கள் வகையறா மறுபுறம். அவர் எழுந்து நின்றார். லேப்டாப்பை உயரமான மேசையில் வைத்து, பக்கத்தில் நான் நின்றேன். திரை எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்தது. ஒற்றை விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்தது, சபை பொறுத்திருந்தது. "எம் பொண்ணை உங்க வூட்டுக்குக் கொடுக்குறேன்" என்றது அந்தக் கரகரத்த குரல். எதிர்ப்புறத்தில் ஒரு முதியவர், "பொட்டி சொல்றதை எப்படிங்க கணக்குல எடுக்குறது?" என்று கேட்டார். மணமகனின் தகப்பனார், கொள்ளிடக் கரையில் பயிர் செய்பவர், அவர் பக்கம் திரும்பவும் இல்லை. "பொட்டியா சொல்லுது? அவரு சொல்றாரு. வாங்கிக்கிறோம்" என்றார். நடத்துநர் திரையிலிருந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டினார். இரண்டாம் முறையும் சொல் வந்தது, மறுமொழி வந்தது.

மூன்றாம் முறை நேரமாயிற்று. பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. பெரியப்பா என்னைப் பார்த்துக் கண்ணால், நீங்கள் முடித்துவிடுங்கள் என்றார். நான் அசையவில்லை. மணமகனின் தகப்பனார் கைகூப்பியபடியே நின்றிருந்தார். கடைசியில் அந்தக் குரல், முன் இரண்டு முறை சொன்ன அதே உரப்பில், எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொன்னது. தட்டு கைமாறியது.

நடத்துநர் இப்போது இல்லை. நோய் மறுபடியும் வந்து அவரைக் கொண்டுபோயிற்று. இன்று என் கடையில் புதிய கணினி இருக்கிறது. எதையும் கம்பைல் செய்யாமலே, கேட்ட குரலில், கேட்ட நொடியில் அது பேசுகிறது. மூச்சு வாங்குவது போலக்கூடப் பேசுகிறது. அண்மையில் அவருடைய மகள் தன் பிள்ளையோடு வந்தவள், அதைக் கேட்டு வியந்துவிட்டு, தகப்பனாரைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். "அன்னிக்கு எனக்கு உள்ளுக்குள்ள பதறிக்கிட்டே இருந்துச்சு மாமா. மூணாவது தடவை அப்பாவுக்கு எழுத்து கிடைக்கலன்னு நெனச்சேன். பாவம், தேடித் தேடித் தட்டுனாரு போல."

அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். இத்தனை காலம் எவரும் கேட்காததால் நானும் சொல்லாதிருந்ததை அவளிடம் சொன்னேன்.

"எழுத்தெல்லாம் எப்பவோ தட்டி முடிச்சிட்டாரும்மா. கடைசிப் பொத்தான் ஒண்ணுதான் பாக்கி. அது மேல விரலை வெச்சுக்கிட்டே நின்னாரு."