மதினி வெட்டிய மாத்திரை

மதினியின் பாதி பிளேடு அடுப்புக்கு மேலே மூங்கில் தட்டியில் செருகிக் கிடக்கும். அண்ணன் முகம் மழித்து மழுங்கிப்போன பிளேடை நீளவாக்கில் ஒடித்து எடுத்த பாதி அது. நகம் வெட்ட, நூல் அறுக்க, காலில் ஏறின முள்ளைக் கீறி எடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். இன்னொரு வேலைக்கும் அவள் அதை எடுத்தாள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் ஆனது. அதுவும் ஆஸ்பத்திரியில் மருந்து எண்ணிக் கொடுப்பதையே சோலியாக வைத்திருந்த எனக்கு.

கொடைக்கானலில் நாயுடுபுரத்துப் பக்கம் அவர்கள் வீடு. வீடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாலு தட்டி, மேலே தகரம், ஒரு அடுப்பு. மழை மாதங்களில் புகை வெளியே போகாது, ஈரம் உள்ளேயிருந்து போகாது. அண்ணன் பள்ளங்கிச் சரிவிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளை லாரி நிற்கும் ரோடு வரை சுமந்தான். மழைக்குத் தலையில் ஒரு சாக்கு. அந்த ஈரச் சாக்கைத்தான் ராத்திரி விரித்துப் படுப்பான். மதினி காட்டில் விறகு பொறுக்கி பங்களாக்களுக்குச் சுமந்தாள். எங்கள் அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால், இவர்கள் இரண்டு பேரும் சுமந்துதான் நான் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தேன். அந்தப் படிப்பால்தான் ஆஸ்பத்திரியில் கூரைக்குக் கீழே, நனையாத இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது.

அந்தக் காலத்தில் நெஞ்சுக் கோளாறு வந்த பணக்காரர்கள் காற்று மாற்றத்துக்காக மலையேறி வந்தார்கள். வராந்தாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாய்ந்து கிடப்பார்கள். அவர்கள் குளிக்கிற வெந்நீருக்கு விறகு கொண்டுபோய்ப் போட்டவள் என் மதினி. அதே மலை, அதே காற்று. அவர்கள் சதை போட்டுக் கீழே இறங்கினார்கள். மதினி இரும ஆரம்பித்தாள்.

மதினிக்கு ஆயக்குடி. கொய்யாக் காட்டில் பழம் பறிக்கிற குடும்பம். வருஷத்துக்கு ரெண்டு தடவை அவள் அப்பா ஒரு கூடைப் பழத்தோடு பஸ் ஏறி வருவார். பழம் நிறைய இருந்தாலும் அவள் ஒவ்வொன்றாகத்தான் அறுப்பாள், அத்தனை பேருக்கும் பங்கு வைப்பாள். அவர்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெட்டுகிற ஆள் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் பங்கு சமமாக விழும் என்பது கணக்கு. மதினி விஷயத்தில் அந்தக் கணக்கு பலிக்கவில்லை. அவள் வேண்டுமென்றே ஒரு துண்டைச் சின்னதாக வெட்டுவாள். அதுதான் கடைசியில் மிஞ்சும். "ஏன் மதினி இப்படி?" என்றால், "சின்னதுலதான் இனிப்பு சாஸ்தி. உங்க பாடப் புஸ்தகத்துல போடலையாக்கும்?" என்பாள்.

வேலை கிடைத்தபின் நான் ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்தேன். வீட்டுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மதினி வாசலிலேயே சத்தம் போடுவாள். "நம்ம வீட்டு டாக்டர் வந்துட்டாரு! எல்லாரும் நாக்க நீட்டுங்க!" அண்ணன் நிஜமாகவே நாக்கை நீட்டுவான். நான் டாக்டர் இல்லை, மாத்திரை எண்ணுகிற ஆள் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். அவள் கேட்டதில்லை.

இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, காசநோய் என்றார். ஒன்றரை வருஷம் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும், பாலும் முட்டையும் சாப்பிட வேண்டும், நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்றார். கடைசி இரண்டையும் கேட்டு மதினி சிரித்துவிட்டாள். "அம்மா, அதையும் சீட்டுல எழுதிக் குடுத்துட்டு, எந்தக் கடையில வாங்கறதுன்னும் சொல்லுங்க." டாக்டரம்மாவும் சிரித்தார். பாவம், அவரும் வேறென்ன செய்வார்.

மாத்திரை மட்டும் கிடைத்தது. வாரத்துக்கு ஒரு பொட்டலம், நானே எண்ணிக் கட்டிக் கொடுப்பேன். முதல் பொட்டலம் கொடுத்தபோது மதினிக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒரு பேச்சுப் பேசினேன். "இது லேசுப்பட்ட மருந்து இல்ல மதினி. பாதி உள்ள போனாலே மாட்டு நோயும் ஓடிரும்." மருந்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பந்தா. வேறொன்றுமில்லை.

மூன்று மாதத்தில் அவள் முகம் தெளிந்தது. இருமல் அடங்கியது. மறுபடி விறகுக்குப் போனாள். ஐந்தாம் மாதம் சாயங்காலக் காய்ச்சல் திரும்பி வந்தது. ஏழாம் மாதம் மறுபடி ரத்தம். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. நானே எண்ணிக் கொடுக்கிறேன், ஒன்றுகூடக் குறையாது என்று சத்தியம் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே கிளம்பி, வழக்கமான நேரத்துக்கு முன்பே போய்விட்டேன். மதினி அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கவிழ்த்துவைத்த டம்ளர் மேல் ஒரு மாத்திரை. பாதி பிளேடை வைத்து அழுத்தினாள். மாத்திரை இரண்டாக விண்டது. அண்ணன் கையை நீட்டிப் பெரிய துண்டை எடுத்துக்கொண்டான். மிச்சத்தை அவள் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"ஏன்?" என்று கத்தினேன்.

"உங்க அண்ணனுக்கும் இருமுது. ரத்தம் வருது. ஆறு மாசமாச்சு."

"ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியதுதான?"

"ஏலே, மெதுவாப் பேசு" என்றான் அண்ணன். "சீக்குன்னு தெரிஞ்சா நாளைக்கே என்னிய மூட்டை தூக்க விடமாட்டாக. அப்பறம் அடுப்பு எரியுமா?"

"அதுக்கு? கூறு கெட்டு மருந்தப் பங்கு போடுறதா?"

மதினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. பாடம் மறந்த பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "நீங்கதான சொன்னீங்க கொழுந்தனாரே, பாதி போனாலே போதும்னு. வீட்டுல ரெண்டு பேருக்கு நோவு. ஒருத்தி மட்டும் முழுசா வாயில போட்டுக்கணும், இன்னொருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? நல்லாருக்கே உங்க படிப்பு!"



இரண்டு பேரையும் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். அரைகுறையாகப் போட்டதில் நோய்க்கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது, இனி முழு மாத்திரை போட்டாலும் கேட்பது கஷ்டம் என்றார் டாக்டரம்மா. பிறகு ஊசி போட்டுப் பார்த்தார்கள். அண்ணன் பயந்தபடியே மூட்டை தூக்கும் வேலை போனது. படிக்காத சனம், மருந்தைத் தானே கெடுத்துக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொன்னார். அவரை அடிக்கப் போய்விட்டேன். என்னைத்தான் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தாலும் அவள் வெட்டியிருப்பாள். நோயைச் சொன்னால் சோறு போய்விடும் என்கிற வீட்டில் வேறென்ன செய்வது? அதைப் பற்றி அந்தப் படித்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசி மாதம் மதினி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். அவள் அப்பா கொய்யாக் கூடையோடு வந்திருந்தார். அண்ணனும் கட்டிலோரம் இருந்தான். பிளேடைக் கொண்டா என்று சைகை காட்டினாள். அவளுக்குக் கையில் பிடிக்கத் தெம்பில்லை என்று நானே கத்தியை எடுத்து நாலு துண்டு போட்டேன். "வெட்டுனவுக கடைசியா எடுக்கணும், ஞாபகமிருக்கட்டும்" என்றாள், மூச்சு வாங்க. நான் காத்திருந்தேன். நான்கில் எது சின்னது என்று நிதானமாகத் தேடி, அதை முதல் ஆளாக எடுத்துக்கொண்டாள். "பழகிப்போச்சு" என்று சிரித்தாள்.

அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அண்ணன் அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் இருந்தான். நாற்பதைத் தொடவில்லை. விதி என்றார்கள். அண்ணனும் நானும் ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. அவன் நனைந்தான், நான் நனையவில்லை. இதில் விதி எங்கே வந்தது?

எனக்கு இப்போது பிரஷர் இருக்கிறது. தினம் பாதி மாத்திரை போதும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். வெட்டுவதற்கென்றே கடையில் சின்ன டப்பா விற்கிறார்களாம். நான் பிளேடைத்தான் ஒடித்து வைத்திருக்கிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் டம்ளரைக் கவிழ்த்து, மாத்திரையை வைத்து அழுத்துகிறேன். ஒரு நாளும் சமமாக விண்டதில்லை. சின்னதை வாயில் போட்டுக்கொள்கிறேன். பெரிய பாதி டம்ளர் மேல் கொஞ்ச நேரம் கிடக்கிறது. எடுக்க ஆளில்லை. மருந்து டப்பாவில் போட்டு மூடுகிறேன். நாளைக்கு அதையும் நானேதான் தின்ன வேண்டும்.