குதிகால் வலியும் மூன்று மாத நாற்காலியும்

குதிகாலின் பின்பக்கத்தில், செருப்பு வார் உரசும் இடத்தில்தான் முதலில் வலித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது சுருக்கென்று பிடிக்கும். கொஞ்சம் நடந்தால் விட்டுவிடும். எனக்கு நாற்பத்தாறு வயது. மாமல்லபுரத்தில் துணிக்கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை வரப் பார்க்கிறது என்று பரிசோதனையில் தெரிந்ததும் கடற்கரை மணலில் நடக்க ஆரம்பித்திருந்தேன், அதுவும் எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம்.

வலியைவிட என்னை வாட்டியது தொழுகை. தொழுகைக்கு நடுவே தரையில் இருப்பில் அமரும்போது வலது பாதத்தை நட்டு, விரல்களை மடக்கி வைப்போம். அந்த நேரத்தில் உயிர் போகும். பள்ளிவாசலில் பின்வரிசையில் நாற்காலிகள் உண்டு. அதில் உட்கார்ந்தால் பாய்க்கு வயசாகிவிட்டது என்று கடைத்தெருவே பேசுமே என்று வெட்கம். வெள்ளிக்கிழமைகளில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு முன்வரிசைக்குப் போனேன். கைப்பேசியில் ஒரு வீடியோவைப் பார்த்து, படி விளிம்பில் நின்று குதிகாலைத் தொங்கவிட்டேன். வீக்கம்தான் மிச்சம்.

செங்கல்பட்டில் எலும்பு மருத்துவர் அழுத்திப் பார்த்தார். அக்கிலிஸ் தசைநாண் (கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு கட்டும் தடித்த நாண்) எலும்பில் சேரும் இடத்தில் நைந்திருக்கிறது என்றார். மணல் நடையைச் சொன்னேன். தொழுகையைச் சொல்லவில்லை. மனைவி நஸீமா சும்மா இருக்கவில்லை.

"மாத்திர போட்டுகினு தொழப் போறாரு டாக்டர். இத்த ஏன் மறைக்கிறாருன்னு கேளுங்க."

ஊசி கேட்டேன், நாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு என்று மறுத்தார். குதிகாலைச் சற்று உயர்த்தும் திண்டு வைத்து, பின்வார் இல்லாத செருப்பு போடச் சொன்னார். இந்த இடத்து வலிக்குப் படி விளிம்பு ஆகாது; சமதரையில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி, அதைவிட மெல்ல இறக்க வேண்டும். மூன்று மாதம் நாற்காலியில்தான் தொழ வேண்டும். இதே வலியோடு இதைப் படிப்பவர்கள் மருத்துவரிடம் எதையும் விடாமல் சொல்லிவிடுங்கள்.

முதல் வெள்ளி நாற்காலியில் உட்கார்ந்தபோது அவமானமாக இருந்தது. யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்த வெள்ளி, எதிர்க்கடை காசிம் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் என் வயதுதான். தொழுகை முடிந்ததும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்:

"ரெண்டு வருசமா முட்டி பேஜாரு மச்சான். நீ உக்காரட்டும்னு பாத்துகினு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

நான்காம் மாதம் தரைக்குத் திரும்பினேன். காலையில் முதல் சில அடிகளுக்குக் குதிகால் இன்னும் முறைத்துக்கொள்கிறது. அது வழிக்கு வரும்வரை கட்டில் ஓரத்தில் நின்று காத்திருக்கிறேன். கடையை ஐந்து நிமிடம் தாமதமாகத் திறப்பதால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. வரிசையில் எல்லோரும் எழுந்த பிறகுதான் நான் எழுகிறேன். பின்னால் நாற்காலியிலிருந்து காசிம் பார்த்துக்கொண்டிருப்பான். பார்க்கட்டும்.